சாயப்பட்டறையைச் சூழலுக்கு உகந்ததாக மாற்ற எங்கே கை வைக்க வேண்டும்?

கேள்வி இதுதான். திருப்பூரில் ஒரு நாளைக்கு 5 டன் பருத்திப் பின்னல் துணிக்குச் சாயமேற்றும் பட்டறை, பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். ஏற்றுமதி கம்பெனிகள் சஸ்டெயினபிலிட்டி விவரம் கேட்டு நச்சரிக்கின்றன. கூரையில் சோலார் போடுவதா, புது மெஷின் வாங்குவதா, சான்றிதழ் எடுப்பதா, எது முதலில்?

மூன்றுமே பிறகு. முதலில் செய்ய வேண்டியது, தொட்டிக்குள் போகும் உப்பையும் தண்ணீரையும் குறைப்பது. திருப்பூர் சாயத்தொழிலின் சுற்றுச்சூழல் கணக்கில் முக்கால்வாசி அங்கேதான் முடிவாகிறது. சாயம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நொய்யல் ஆற்றைக் கெடுத்தது நிறத்தைவிட உப்பு. நிறத்தை உயிரியல் முறையிலோ, ரெசினிலோ, ஓசோனிலோ எடுத்துவிடலாம். கரைந்த உப்பு எந்தப் பாக்டீரியாவுக்கும் உணவாகாது, வடிகட்டியில் நிற்காது, வண்டலாகப் படியாது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சாயக்கழிவு தேங்கி அந்த நீரே வயலுக்கு ஆகாததாகி, ஆற்றோர விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான். கிணறும் தென்னையும் போன அந்தக் குடும்பங்களுக்கு இந்தத் தொழில் இன்னும் கடன்பட்டிருக்கிறது.

இன்றைக்கு நடப்பது ஜீரோ டிஸ்சார்ஜ் முறை, அதாவது கழிவுநீரை வெளியே விடாத முறை. கழிவுநீர் சமன் தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டி, நிறநீக்கம் எல்லாம் தாண்டி பல கட்ட ஆர்.ஓ.வுக்குப் போகிறது. நல்ல நீர் உங்களுக்கே திரும்பி வருகிறது. மிச்சமிருக்கும் உப்புக்கரைசலை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். பல கட்ட எவாப்பரேட்டரில் அதே நீராவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும், ஆனால் மறையாது. ஆர்.ஓ.வுக்கு வரும் நீரில் உப்பு ஏற ஏற நல்ல நீர் குறையும், ஆவியாக்க வேண்டிய மிச்சம் கூடும். அதனால் நீங்கள் போடும் ஒவ்வொரு கிலோ உப்புக்கும் மூன்று முறை காசு கொடுக்கிறீர்கள்: வாங்கும்போது, பிரிக்கும்போது, பிரிக்க முடியாமல் போனதைச் சேமித்து வைக்கும்போது.

அளவெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். பட்டறைக்கு மொத்தமாக ஒரு மீட்டர் இருந்தால் எதுவும் தெரியாது. சாயமேற்றும் ஒவ்வொரு சாஃப்ட் ஃபுளோ மெஷினுக்கும் தண்ணீர் வரும் குழாயில் ஒரு மீட்டர், பாய்லருக்குள் போகும் ஃபீட் வாட்டருக்கு ஒன்று, பாய்லர் நீராவி வெளியேறும் இடத்தில் ஒன்று, கழிவுநீர் வெளியேறும் இடத்தில் ஒன்று. ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதிதான் லாட். சாய மாஸ்டர் ஒவ்வொரு லாட்டின் கார்டிலும் நான்கு வரி எழுதினால் போதும்: துணியின் எடை, ஏறிய தண்ணீர், போட்ட உப்பு, மறுபடி சாயத்துக்குப் போனதா இல்லையா. ஒரு மாதம் எழுதிவிட்டு, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிராம் உப்பு என்று வகுத்துப் பாருங்கள். வெளிர் ஷேடு, நடுத்தரம், அடர் ஷேடு என்று தனித்தனியாக வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அந்த மாதம் கறுப்பு லாட் அதிகம் வந்ததா, பட்டறை மோசமாக ஓடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி ஒரு லாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 500 கிலோ துணி, நடுத்தர ஷேடு, துணிக்கும் தண்ணீருக்குமான விகிதம் 1:8. தொட்டியில் 4,000 லிட்டர். உப்பு லிட்டருக்கு 60 கிராம் என்றால் 240 கிலோ. இதே லாட்டை 1:5 விகிதத்தில் ஓட்டினால் 2,500 லிட்டர், உப்பு 150 கிலோ. ஒரு லாட்டுக்கு 90 கிலோ உப்பு மிச்சம். ஒரு நாளைக்கு இப்படி 10 லாட், மாதம் 25 நாள் என்று வைத்தால் 22.5 டன். எந்தச் சான்றிதழும் இதைச் செய்து தராது.

ஆனால் மெஷின் விற்பவர் சொல்லாமல் விடும் ஒரு கணக்கு உண்டு. தொட்டியை வடித்த பிறகும் பின்னல் துணி தன் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 2.8 மடங்கு என்று கொண்டால் 500 கிலோ துணியில் 1,400 லிட்டர். 1:8-ல் இது 4,000-ல் 35 சதவீதம். அதாவது ஒவ்வொரு அலசலுக்கும் பிறகு, அதற்கு முன் துணியில் நின்ற உப்பில் 35 சதவீதம் தங்குகிறது, மூன்று அலசலில் 4 சதவீதத்துக்கு வந்துவிடும். 1:5-ல் அதே 1,400 லிட்டர் 56 சதவீதம். மூன்று அலசலுக்குப் பிறகும் 17 சதவீதத்துக்கு மேல் உப்பு நிற்கும், ஐந்து அலசல் ஆனால்தான் 5.5 சதவீதம். தண்ணீர் கணக்கில் அப்போதும் லாபம்தான். முன்னதில் மூன்று முறை 2,600 லிட்டர், ஆக 7,800. பின்னதில் ஐந்து முறை 1,100 லிட்டர், ஆக 5,500. ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவுக்கு லாபம் இல்லை. பழைய புரோகிராமையே புது மெஷினில் ஏற்றி மூன்று அலசலோடு நிறுத்தினால் சோப்பிங் (ஒட்டாத சாயத்தைச் சூடான சோப்பு நீரில் கழற்றுவது) கெட்டு, சாயம் போகிறது என்று துணி திரும்பி வரும். மெஷின் மாறினால் புரோகிராமும் மாற வேண்டும்.

உப்பு ஏன் சோப்பிங்கைக் கெடுக்கிறது? பருத்தி நாரோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயத்தை முதலில் நாரோடு ஒட்டவைப்பதே உப்பின் வேலை. நாரோடு பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயத்தையும் அதே உப்பு துணியை விட்டு வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அலசல் நீரில் உப்பு லிட்டருக்கு 2 கிராம் அளவுக்கு இறங்கிய பிறகு, 90 முதல் 95 டிகிரியில் சோப்பிங் செய்தால் அந்த வீண் சாயம் சுலபமாகக் கழன்று வரும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வடியும் நீரைச் சோதித்தால் எப்போது சூடேற்றலாம் என்று தெரிந்துவிடும். பல பட்டறைகளில் உப்பு நீரிலேயே சோப்பிங் செய்து, கலர் போகவில்லை என்று சோப்பின் அளவைக் கூட்டி, இரண்டாவது சோப்பிங், மூன்றாவது சோப்பிங் என்று போகிறார்கள். பாதி வேலை சூட்டினுடையது, மீதி வேலை உப்பில்லாத மென்னீருடையது. சோப்பு மூன்றாம் பட்சம்.

தண்ணீர் வீணாகும் இன்னொரு இடம் ஓவர்ஃபுளோ அலசல். நிமிடத்துக்கு 250 லிட்டர் வரும் குழாயை 20 நிமிடம் திறந்துவைத்தால் 5,000 லிட்டர், கிலோ துணிக்கு 10 லிட்டர். வடித்துவிட்டு நிரப்பும் முறையில் 2,600 லிட்டரில் கிடைக்கும் அலசலுக்கு ஓவர்ஃபுளோவில் அதைவிட அதிகம் தேவைப்படும், ஏனென்றால் புதுத் தண்ணீர் பழையதோடு கலந்தே வெளியேறுகிறது. ஆபரேட்டருக்கு இது பழக்கம், குழாயைத் திறந்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடலாம். வால்வைப் பூட்டிவைப்பதைவிடப் புரோகிராமிலிருந்தே அந்தப் படியை எடுத்துவிடுவது நல்லது.

இதற்கு முன்பாகவே ஓசையில்லாமல் குறைக்கக்கூடிய இரண்டு தொட்டி நீர் உண்டு. சாயத்துக்கு முன் துணியை வெளுக்கும் பெராக்சைடு சலவை முடிந்ததும் மிச்சப் பெராக்சைடைப் போக்க இரண்டு சுடுநீர் அலசல் விடுவது வழக்கம். கேட்டலேஸ் நொதியைப் பயன்படுத்தினால் அவை தேவையில்லை. வரிசை முக்கியம்: சலவைத் தொட்டியை வடித்து, புது நீரில் அசெட்டிக் அமிலம் விட்டு பி.எச். 6.5 முதல் 7-க்குக் கொண்டுவந்து, சூடு 50 டிகிரி சுற்றி இருக்கும்போது நொதியைப் போட்டு 15 முதல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். காரம் போகும் முன்போ, 70 டிகிரியிலோ போட்டால் நொதி செத்துவிடும். அது நொதியின் குற்றமல்ல. பெராக்சைடு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்து, நிறம் மாறாவிட்டால் அதே நீரிலேயே சாயத்தைத் தொடங்கலாம். பட்டை வாங்க யோசித்துச் சோதிக்காமல் விட்டால், மிச்சமிருக்கும் பெராக்சைடு சாயத்தைத் தின்று ஷேடு வெளிறும், திட்டுத்திட்டாகவும் வரும்.

இதிலிருந்து இயல்பாகவே மறுசாயத்துக்கு வருகிறோம். ஷேடு தவறி மறுபடி ஏற்றும் ஒரு லாட், தண்ணீர், உப்பு, நீராவி மூன்றையும் ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. 100 லாட்டில் 15 லாட் திரும்பினால், உலகத்திலேயே சிறந்த மெஷின் வாங்கினாலும் அந்த மிச்சம் அங்கேயே போய்விடும். காரணங்கள் பெரும்பாலும் பழையவைதான். லேபில் 1:10 விகிதத்தில் மாதிரி போட்டுவிட்டு மெஷினில் 1:6-ல் ஓட்டுவது. லேபில் நல்ல நீர், பட்டறையில் அன்று வந்த ஏதோ நீர். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய துணியை அப்படியே எடைபோட்டுச் சாயக் கணக்குப் போடுவது. சாயத்தைக் கையால் எடைபோடும்போது டிரேயில் 20 கிராம் ஒட்டிக்கொண்டு நிற்பது. சாயத்தை நாரோடு பிணைய வைக்கும் காரமான சோடாவை ஒரே வீச்சில் கொட்டுவது. இவற்றில் எதைச் சரிசெய்யவும் பெரிய முதலீடு வேண்டாம். லேபில் பட்டறை நீரையே பயன்படுத்துங்கள், அதே விகிதத்தில் மாதிரி போடுங்கள், சோடாவை 30 முதல் 40 நிமிடத்தில் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும்படி டோசிங் வையுங்கள். மறுசாயம் ஆன ஒவ்வொரு லாட்டுக்கும் காரணத்தை ஒரே வரியில் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்தில் அந்தப் பட்டியலில் இரண்டு காரணங்களே திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

லாட் திட்டமிடுவதும் சுற்றுச்சூழல் வேலைதான். 500 கிலோ மெஷினில் 300 கிலோ துணியை ஏற்றினால், பம்பு காற்றை இழுக்காமல் ஓட 3,000 லிட்டராவது வேண்டியிருக்கும். 1:6 மெஷின் அன்று 1:10-ல் ஓடுகிறது. சின்ன ஆர்டர்கள் கூடிவிட்ட இந்தக் காலத்தில் 50, 100, 200 கிலோ மெஷின்களும் வரிசையில் இருக்க வேண்டும். பெரிய மெஷின் ஒன்றைக் கூடுதலாக வாங்குவதைவிடச் சின்னது இரண்டு வாங்குவது பல பட்டறைகளுக்குப் பொருந்தும். ஏற்றுமதிக்காரரிடமும் வாய்திறந்து பேசுங்கள். ஒரே ஷேடை மூன்று நாளில் மூன்று துண்டாக அனுப்புபவர், பிறகு உங்களிடம் தண்ணீர்க் கணக்கு கேட்பது நியாயமில்லை.

சாயத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 6 சதவீத அடர் ஷேடுக்கு 500 கிலோ துணியில் 30 கிலோ சாயம் போகிறது. நாரில் பிணைவது 70 சதவீதம் என்றால் 9 கிலோ சாயம் கழிவில். நாரோடு பிணையும் தொகுதிகள் இரண்டு உள்ள நல்ல சாயத்தில் 85 சதவீதம் பிணைந்தால் 4.5 கிலோ. கிலோ விலை கூடுதலான சாயம், அலசலையும் சுத்திகரிப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது மலிவாகிவிடும். சாயம் வாங்குபவரும் சுத்திகரிப்புக் கட்டணம் கட்டுபவரும் ஒரே தாளில் கணக்குப் பார்த்தால்தான் இது தெரியும். பெரும்பாலான இடங்களில் பார்ப்பதில்லை.

உப்பே இல்லாமல் சாயமேற்றும் வழியும் இருக்கிறது, கோல்ட் பேட் பேட்ச். துணியைச் சாயமும் காரமும் கலந்த கரைசலில் நனைத்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, பாலித்தீன் தாளால் மூடி, அறை வெப்பத்தில் 8 முதல் 24 மணி நேரம் சுழலவிட்டு, பிறகு அலசுவது. உப்பு இல்லை, சாயமேற்ற நீராவி இல்லை. சாயத்தையும் காரத்தையும் 4:1 என்ற விகிதத்தில் கலக்கும் டோசிங் பம்பு துல்லியமாக இருக்க வேண்டும், கலந்த கரைசல் தொட்டியில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்கக் கூடாது. சலவை சீராக இல்லாவிட்டால், உறிஞ்சும் தன்மை இடத்துக்கு இடம் மாறி, ஓரத்துக்கும் நடுவுக்கும் ஷேடு வேறுபடும். ஒரே ஷேடில் ஒன்று, இரண்டு டன் வரும் ஆர்டர் இருந்தால் இதில் இறங்கலாம். 100 கிலோ ஆர்டர்களுக்கு இது ஒத்துவராது.

இனி பயன்படுத்திய உப்பைத் திரும்ப எடுப்பது. இங்கே ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலானது: ஒரே உப்புதான். பட்டறை முழுக்கக் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், மட்டுமே இருக்க வேண்டும். சாப்பாட்டு உப்பு கொஞ்சம் கலந்தாலும் ஆவியாக்கிய பிறகு இரண்டும் பின்னிக் கலப்பு உப்பாக நிற்கும். அதைச் சாயத்துக்கும் போட முடியாது, விற்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. கூரைபோட்ட கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்க வேண்டியதுதான். விலை குறைவு என்று யாரோ ஒரு பட்டறைக்காரர் சாப்பாட்டு உப்பு வாங்கினால், அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் எல்லா உறுப்பினர்களும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். நிலையத்தின் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

குளோரைடு வேறு வழிகளிலும் நுழையும். மென்னீராக்கும் சாஃப்ட்னரின் ரெசினைப் புதுப்பிக்கச் சாப்பாட்டு உப்பு போகிறது. அதற்குப் பதில் கிளாபர் உப்பைப் போடலாமே என்று தோன்றும், போடாதீர்கள். ரெசினில் பிடிபட்ட கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிந்து ரெசினை அடைத்துவிடும். திரும்பி வரும் ஆர்.ஓ. நீரையே சாயத்துக்கு ஒதுக்கினால் சாஃப்ட்னரின் வேலையே குறையும். கழிவுநீரின் காரத்தைத் தணிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டாலும் குளோரைடு ஏறும். கந்தக அமிலம் விட்டால் கிடைப்பதும் சல்பேட்தான். சலவைக்கு ஹைப்போகுளோரைட் பயன்படுத்துவதும் அதே கதை, பெராக்சைடுக்கு மாறிவிடுங்கள்.

சாயத்தொட்டி நீரைத் தனியாகப் பிரிப்பதன் பலன் கணக்கில் பளிச்சென்று தெரியும். மேலே சொன்ன 1:8 லாட்டில், சாயத்தொட்டியை வடிக்கும்போது 240 கிலோ உப்பில் 65 சதவீதம் வெளியேறுகிறது, முதல் அலசலில் இன்னொரு 23 சதவீதம். இரண்டும் சேர்ந்து 5,200 லிட்டர்தான். பத்துத் தொட்டி ஓடும் அந்த லாட்டின் மொத்த நீர் 27,400 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு நீரில் 88 சதவீத உப்பு இருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்றைத் தனிக் குழாயில் தனித் தொட்டிக்கு அனுப்பினால், மிச்சமுள்ள நீரை ஆர்.ஓ. சிரமமில்லாமல் சுத்தம் செய்யும். உப்பு நீரை நிறம் நீக்கிக் கரைசலாகவே அடுத்த லாட்டுக்குப் போடலாம், ஆவியாக்க வேண்டியதே இல்லை. வடிகால் வால்வில் ஒரு பிரிவும், புரோகிராமில் ஒரு கட்டளையும் வேண்டும். பொது நிலைய உறுப்பினர் தனியாக இதைச் செய்ய முடியாது, நிலையத்தில் தனிக் குழாய் வசதி இருக்க வேண்டும். திருப்பூரில் உப்புக்கரைசலைப் பட்டறைகளுக்கே திருப்பி அனுப்பும் பொது நிலையங்கள் உண்டு. உங்கள் நிலையத்தில் அது இருந்தால், புது உப்பு வாங்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வரும் கரைசலைச் சோதிக்காமல் தொட்டியில் விட்டால் துணி கெடும், மாஸ்டர் இரண்டாம் முறை அதைத் தொடவே மாட்டார். நான்கு சோதனைகள். ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி, அதுவும் எப்போதும் ஒரே வெப்பத்தில். கடினத்தன்மை: கால்சியம் இருந்தால் சோடா சேரும்போது படிந்து வெள்ளைத் திட்டு வரும். பி.எச்.: பழைய சோடாவின் காரம் மிச்சமிருந்து பி.எச். 8-ஐத் தாண்டினால், நீங்கள் சோடா போடும் முன்பே சாயம் பிணையத் தொடங்கிக் கோடுகோடாக வரும். அமிலம் விட்டு 6.5 முதல் 7-க்குக் கொண்டுவந்த பிறகே சாயம். கடைசியாக நிறம்: கண்ணாடிக் குடுவையில் வெள்ளைத் தாளின் முன் பிடித்தால் நிறம் தெரியக் கூடாது. முதலில் கறுப்பு, நேவி, மெரூனில் ஓட்டிப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகு நடுத்தர ஷேடுக்கு வாருங்கள். வெளிர் ஷேடுக்கு உப்பே குறைவு, அங்கே அவசரப்பட வேண்டாம்.

உப்பைப் படிகமாகத் திரும்ப வாங்கும்போது ஈரத்தைக் கவனியுங்கள். நீர்ப்படிகமுள்ள கிளாபர் உப்பில் சோடியம் சல்பேட் 44 சதவீதம்தான். நீரற்ற உப்பு 100 கிலோவுக்கு இது 227 கிலோ போட வேண்டும். இரண்டையும் ஒரே எடையில் போட்டால் ஷேடு பாதியில் நிற்கும், பழி திரும்ப எடுத்த உப்பின் மேல் விழும்.

நீராவிக்கு வருவோம். 7 கிலோ அழுத்தத்தில் ஓடும் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை மணிக்கு ஏறத்தாழ 30 கிலோ நீராவியை விடும். ஒரு கிலோ விறகுக்குச் சுமார் மூன்றரைக் கிலோ நீராவி என்று வைத்தால், நாளெல்லாம் ஓடும் பட்டறையில் ஒரு நாளைக்கு 200 கிலோ விறகு அந்த ஓட்டை வழியே போகிறது. ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருக்கும்போது நீராவியை ஏற்றிவிட்டுச் சுற்றி வந்தால் காதாலேயே கண்டுபிடிக்கலாம். குளிர்ந்து நீரான நீராவியை (கண்டன்சேட்) மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வெளியே தெரியாது, நீராவி கண்டன்சேட் குழாயில் போய்க்கொண்டே இருக்கும். கண்டன்சேட்டைப் பாய்லருக்குத் திருப்புங்கள். ஃபீட் வாட்டரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் குறையும். திருப்பும் குழாயில் கண்டக்டிவிட்டி மீட்டர் இல்லாமல் செய்யாதீர்கள். மெஷினின் தொட்டி நீரைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஒரு டியூப் ஓட்டையானால் சோடாவும் உப்பும் பாய்லருக்குள் போய் நுரைத்துவிடும்.

இதே ஹீட் எக்ஸ்சேஞ்சரில் துணியைக் குளிர்விக்க விடும் தண்ணீர், சூடேறி, அழுக்கில்லாமல் வெளியே வருகிறது. அதைக் கழிவுநீரோடு சேர்த்து விடும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுத்தமான சுடுநீரை அனுப்பி, அதற்குக் கட்டணமும் கட்டுகிறார்கள். ஒரு தொட்டி, ஒரு பம்பு, கொஞ்சம் குழாய் இருந்தால் அதே நீர் அடுத்த லாட்டின் சலவைக்கு 50 டிகிரியில் தயாராக இருக்கும். வடியும் கழிவின் சூட்டையும் எடுக்கலாம், ஆனால் பஞ்சுத்தூசு பிளேட் வகை ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சில வாரங்களில் அடைத்துவிடும். தானே சுத்தம் செய்துகொள்ளும் வடிகட்டியோடு மட்டுமே அது பலன் தரும். ஆர்.ஓ. மெம்பிரேன் அதிகச் சூட்டைத் தாங்காது என்பதால், கழிவு ஆறிப் போவது நிலையத்துக்கும் நல்லது.

விறகை எடைக்கு வாங்குகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். 40 சதவீத ஈரமுள்ள விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 2,300 கிலோ கலோரிதான், 20 சதவீதத்துக்குக் காய்ந்தால் 3,300. ஈரமானி ஒன்று வாங்கி லாரி இறங்கும்போதே குத்திப் பாருங்கள், ஈரத்துக்கு ஏற்ப விலை பேசுங்கள், கூரையின் கீழ் அடுக்குங்கள். சீமைக்கருவேலம் என்றால் சரி, எங்கிருந்து வெட்டியது என்று கேட்டு வாங்குவது நல்லது. கட்டிங் வேஸ்டையும் பாலித்தீனையும் பாய்லரில் போட யாரையும் விடாதீர்கள். பருத்திக் கட்டிங் வேஸ்டை நிறவாரியாகப் பிரித்தால் ஓப்பன் எண்ட் நூலுக்கு விலைபோகும். பாலித்தீன் எரிந்தால் வரும் புகை முதலில் போவது உங்கள் பாய்லர்மேனின் நுரையீரலுக்கு.

துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினில் அதை எலும்பாகக் காயவைக்கும் பழக்கம் தேவையற்றது. பருத்தி தானாகவே 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். ஈரமானி வைத்து 7, 8 சதவீதத்தில் நிறுத்தினால் வேகத்தையும் கூட்டலாம். காயவைக்கும் முன் நன்றாகப் பிழிவது எப்போதும் மலிவு.

மின்சாரத்தில் முதல் வேலை பம்புகளுக்கும் ஃபேன்களுக்கும் வேகக்கட்டுப்பாட்டு டிரைவ் போடுவது. வேகத்தை 80 சதவீதமாக இறக்கினால் மின்சாரம் பாதியாகும். வால்வைப் பாதி மூடிவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுவதை நிறுத்தினாலே போதும். சோலார் அதற்குப் பிறகு. 100 கிலோவாட் கூரை ஒரு நாளைக்குச் சுமார் 400 யூனிட் தரும். நம் நாட்டு மின்தொகுப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால் 280 கிலோ தவிர்க்கிறோம். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் சாயப்பட்டறையில் சக்தியின் பெரும்பகுதி நீராவியாகச் செலவாகிறது, கூரைப் பலகை அதைத் தொடாது.

வேதிப்பொருளில் சுருக்கமாக: ஒவ்வொரு பொருளுக்கும், ஜவுளியில் ஆபத்தான வேதிப்பொருள்களை ஒழிக்க முனையும் அமைப்பான இசட்.டி.எச்.சி.யின் (ZDHC) தடைப்பட்டியலுக்கு இணங்கும் சான்று கேட்டு வாங்குங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். தனி சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பவர்களுக்கு, சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அனுமதி பெற்றவரிடம் மேனிஃபெஸ்ட் என்ற ஒப்படைப்புப் படிவத்தோடுதான் ஒப்படைக்க வேண்டும். சிமென்ட் சூளைகள் அதை எடுத்துக்கொள்கின்றன. காலிக் கேன்களும் அதே விதிக்குள்தான், பழைய சாமான் கடைக்குப் போடக் கூடாது. அந்தக் கேனில் யாரோ குடிதண்ணீர் பிடிப்பார்கள்.

சான்றிதழ்கள் கடைசியில் வருவது இதனால்தான். ஆலைகளின் சுற்றுச்சூழல் கணக்கைப் பதியும் ஹிக் (Higg) படிவத்தில் கேட்பது பெரும்பாலும் நீர், எரிபொருள், மின்சாரம், வேதிப்பொருள், கழிவு ஆகியவற்றின் அளவுகள். லாட் கார்டில் ஒரு வருடம் எழுதியிருந்தால் அதை நிரப்பச் சிரமமில்லை. காட்ஸ் (GOTS) சான்று ஆர்கானிக் நூல் சங்கிலிக்கானது. துணியில் ஆர்கானிக் என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் நார் வேண்டும், சங்கிலியில் பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் ஜின்னிங் ஆலை முதல் தையல் வரை ஒவ்வொருவரும் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆர்டர் கையில் இல்லாமல் எடுத்து வைத்தால் ஆண்டுக் கட்டணம்தான் மிச்சம். விளம்பர வார்த்தைகளிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு உத்தரவு, 2026 செப்டம்பர் 27 முதல், ஆதாரமில்லாத பொதுப்படையான 'ஈகோ ஃப்ரண்ட்லி' வகை வாசகங்களுக்கு அங்கே தடை விதிக்கிறது. 'எங்கள் பட்டறை பசுமைப் பட்டறை' என்று எழுதி அனுப்பினால் வாங்குபவருக்கு அது தொல்லை. 'அடர் ஷேடில் கிலோவுக்கு இத்தனை லிட்டர் நீர், இத்தனை கிராம் புது உப்பு, 100 லாட்டில் இத்தனை மறுசாயம்' என்று மீட்டர் ரீடிங்கோடு அனுப்பினால், அதைத்தான் அவர் தன் கணக்கில் ஏற்ற முடியும்.

பணத்தை எந்த வரிசையில் இறக்குவது? முதல் மூன்று மாதம் மீட்டர்கள், கண்டக்டிவிட்டி மீட்டர், பெராக்சைடு பட்டை, நீராவி ஒழுகல் அடைப்பு, ஓவர்ஃபுளோ நிறுத்தம். அடுத்த ஆறு மாதம் நொதி, டோசிங், குளிர்விக்கும் நீரைத் திருப்பும் தொட்டி, கண்டன்சேட். அதில் மிச்சமாகும் பணம் எவ்வளவு என்று மீட்டரே சொல்லும். மெஷின் மாற்றுவதை அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். விற்பவரிடம் உங்கள் துணியில், உங்கள் அடர் ஷேடில், ஐந்து அலசலோடு ஒரு லாட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வடியும் நீரின் கண்டக்டிவிட்டியை உங்கள் ஆளே அளக்கட்டும்.